கடிதம் சாகவில்லை, நாம்தான் தூக்கிப் போட்டோம்

"கடித இலக்கியம் செத்துப்போச்சு" என்று மேடைக்கு மேடை புலம்புவதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. சாகவில்லை ஐயா. உங்கள் அலமாரியில், சார்ஜர் தொலைந்துபோன மடிக்கணினிக்குள் கிடக்கிறது. எடுக்கத்தான் ஆளில்லை.

மறைந்த எழுத்தாளர் ஒருவரின் மகள் அப்படியொரு கணினியை என்னிடம் தந்தார். "அப்பா எல்லாத்தையும் இதுலதான் வச்சிருந்தாரு, பாத்து எடுத்துக் குடுங்க தம்பி." பழைய மென்பொருளிலிருந்து மின்னஞ்சல்களைத் தண்டர்பேர்டுக்கு மாற்றினேன். எல்லாம் வந்தன. திறந்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை, வெறும் கிறுக்கல். அவை யூனிகோட் பரவுவதற்கு முன் திஸ்கியில் எழுதியவை. ஆங்கிலத்துக்குப் பிறகுள்ள 128 இடங்களில் தமிழை வைத்த குறியாக்கம் அது. மென்பொருள் அதை ஐரோப்பிய எழுத்தென்று நினைத்துக் காட்டியிருக்கிறது. மூலப் பிரதியைத் தொடாமல், நகலை மாற்றியில் போட்டேன். தமிழ் திரும்பி வந்தது.

ஆனால் 'அனுப்பியவை' கோப்பு மட்டும் பழுது. அவருக்கு வந்த கடிதங்கள் இருக்கின்றன, அவர் எழுதியவை இல்லை. பிறகுதான் உறைத்தது: ஒருவர் எழுதிய கடிதம் இருப்பது பெற்றவரிடம் அல்லவா? பெற்றவர்களுக்கு எழுதிக் கேட்டேன். "அந்தக் கம்ப்யூட்டர எப்பவோ தூக்கிப் போட்டாச்சு தம்பி" என்றார் ஒருவர். கடித இலக்கியம் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவர் அவர்.

முரசு அஞ்சல் பிறந்த நாடு இது. பக்கத்துச் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியனை உருவாக்கினார். கணினியில் தமிழை எழுதவைக்க இங்கே ஒரு தலைமுறை உழைத்திருக்கிறது. எழுதியதைக் காப்பாற்ற ஒரு மதியப் பொழுதை ஒதுக்க நமக்கு வலிக்கிறது.

"என்னோடது ஜிமெயில்ல பத்திரமா இருக்கு" என்பீர்கள். இரண்டு ஆண்டு யாரும் திறக்காத தனிநபர் கணக்கை நீக்கலாம் என்பது கூகுளின் விதி. நீங்கள் போனபின் கடவுச்சொல் யாருக்குத் தெரியும்?

"அந்தரங்கம் ஆச்சே" என்பவர்களுக்கு: பதிப்பிக்கச் சொல்லவில்லை, பாதுகாக்கத்தான் சொல்கிறேன். எதை வெளியிடலாம், எதை எரிக்கலாம் என்று முடிவெடுக்கவும் முதலில் அது கையில் இருக்க வேண்டும்.

வேலை ஒன்றும் பெரிதில்லை. ஜிமெயில் என்றால் கூகுள் டேக்அவுட்டில் கேளுங்கள், எம்பாக்ஸ் கோப்பாகத் தரும். அது வெறும் உரைக்கோப்பு, ஒரே நிறுவனத்தை நம்பியிருக்கத் தேவையில்லை. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்றால், அஞ்சல்களைத் தேர்ந்தெடுத்து ஒரு கோப்புறைக்குள் இழுத்துவிட்டால் ஒவ்வொன்றும் தனி இஎம்எல் கோப்பாகும். இரண்டையும் தண்டர்பேர்டு முதலிய மென்பொருள்களுக்குக் கொண்டுபோகலாம். இரண்டு பிரதி எடுங்கள், ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

இளைய நண்பர்களே, இந்தப் பெரியவர்கள் தாங்களாகச் செய்யமாட்டார்கள். அடுத்த முறை யாரையாவது பேட்டி எடுக்கப் போனால், கேள்விகளோடு ஒரு ஹார்ட் டிஸ்கையும் கொண்டுபோங்கள். "ஐயா, உங்க பழைய கம்ப்யூட்டர் எங்க?" என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும்.