சாலை மரணங்களுக்கும் வேண்டும் தணிக்கை

சாலை விபத்து வழக்குகளின் முதல் தகவல் அறிக்கையில் பெரும்பாலும் இடம்பெறும் ஒரு தொடர் உண்டு: 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் வாகனத்தை ஓட்டி'. யார் மீது வழக்கு என்பதை அந்தத் தொடர் தீர்மானித்துவிடுகிறது. ஆனால், அதே இடத்தில் இன்னோர் உயிர் போகாமல் தடுப்பது எப்படி என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-இல் நாட்டில் நிகழ்ந்த 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவற்றில் 64,105 விபத்துகள் தமிழகத்தில் நிகழ்ந்தவை. விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். உயிரிழப்பில் (17,884) உத்தர பிரதேசத்துக்கு அடுத்த இடம். நாடு முழுவதும் இறந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் 18 முதல் 45 வயதுக்கு உட்பட்டவர்கள். ஒரு நோய் இத்தனை இளம் உயிர்களை ஆண்டுதோறும் பறித்திருந்தால், அதைக் கொள்ளைநோயாகக் கருதி அரசு இயந்திரம் முழுவதையும் முடுக்கிவிட்டிருப்போம்.

சாலை மரணத்தை நோயைப் போல ஆராயலாம் என்பது புதிய சிந்தனை அல்ல. அமெரிக்க மருத்துவரும் நோய்ப்பரவலியல் அறிஞருமான வில்லியம் ஹேடன், ஒவ்வொரு விபத்தையும் மோதலுக்கு முன், மோதலின்போது, மோதலுக்குப் பின் என மூன்று கட்டங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு கட்டத்திலும் மனிதர், வாகனம், சூழல் ஆகியவற்றின் பங்கைத் தனித்தனியே ஆராய வேண்டும் என்றார். 1997-இல் சுவீடன் நாடாளுமன்றம் ஏற்ற 'உயிரிழப்பு இல்லாச் சாலை' என்ற கொள்கையும் இதே அடிப்படையில் அமைந்தது. மனிதர்கள் தவறு செய்யவே செய்வார்கள். அந்தத் தவறுக்கு உயிர் விலையாகாதபடி சாலையையும் வேகத்தையும் வாகனத்தையும் அமைப்பது அரசின் கடமை என்கிறது அக்கொள்கை.

நமது நடைமுறையோ வேறாக இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலையில் ஓர் இடம் 'விபத்துக் கரும்புள்ளி' என ஏற்கப்பட வேண்டுமானால், ஏறத்தாழ 500 மீட்டர் நீளப் பகுதியில் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்பு அல்லது கொடுங்காயம் விளைவித்த 5 விபத்துகள் நடந்திருக்க வேண்டும். அல்லது 10 பேர் இறந்திருக்க வேண்டும். நிதியை எங்கே முதலில் செலவிடுவது என முடிவு செய்ய இந்த வரையறை உதவலாம். ஆனால், பத்தாவது மரணம் வரை காத்திருப்பது தடுப்பு ஆகாது. போலியோ ஒழிப்பின்போது நாம் அப்படிக் காத்திருக்கவில்லை. ஒரே ஒரு குழந்தைக்குத் திடீரெனக் கை கால் தளர்ந்தாலும் அது பதிவு செய்யப்பட்டு, மாதிரி எடுத்து ஆராயப்பட்டது. அந்த விழிப்புதான் 2014-இல் இந்தியாவுக்குப் போலியோ இல்லாத நாடு என்ற சான்றைப் பெற்றுத் தந்தது.

தமிழகத்துக்கு இன்னும் நெருக்கமான முன்மாதிரி ஒன்று உண்டு. அது பேறுகால மரணத் தணிக்கை. பிரசவத்தையொட்டி ஒரு தாய் இறந்தால், மருத்துவமனைக்குச் செல்ல முடிவெடுப்பதில் தாமதமா, வாகனம் கிடைப்பதில் தாமதமா, சிகிச்சை தொடங்குவதில் தாமதமா என்று மாவட்ட அளவில் ஆராயப்படுகிறது. யார் மீதும் பழி சுமத்துவது அதன் நோக்கம் அல்ல; குறையைக் கண்டறிந்து களைவதே நோக்கம்.

இதே முறையைச் சாலை மரணத்துக்கும் பொருத்திப் பார்க்கலாம். இரவில் புறவழிச்சாலையைக் கடந்த தொழிலாளி ஒருவர் லாரி மோதி இறக்கிறார் என்று கொள்வோம். ஊர் ஒருபுறமும் பேருந்து நிறுத்தம் மறுபுறமுமாக இருக்க, இடையே கடக்கும் வழி ஏன் இல்லை? விளக்கு எரிந்ததா? அங்கு வேகத்தைக் குறைக்க என்ன ஏற்பாடு இருந்தது? 108 ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடங்களில் வந்தது? முதலில் சேர்த்த மருத்துவமனையில் தலைக்காயத்துக்குச் சிகிச்சை தரும் வசதி இருந்ததா? இக்கேள்விகளில் ஒன்றுகூட ஓட்டுநரோடு முடிவதில்லை. நெடுஞ்சாலை, போக்குவரத்து, காவல், சுகாதாரம் என நான்கு துறைகளும் விடை சொல்ல வேண்டியவை அவை.

மூன்றாம் கட்டத்தில் தமிழகம் ஏற்கெனவே முன்னோடியாக இருக்கிறது. விபத்தில் காயமடைந்தோருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாச் சிகிச்சை அளிக்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. ஆனால், சிகிச்சை எவ்வளவு சிறந்ததாயினும் அது மோதலுக்குப் பிந்தையதுதான். மருத்துவமனைகளில் சேரும் காயங்களின் விவரம், சாலையைத் திருத்தும் பொறியாளரின் மேசைக்குச் சென்றாக வேண்டும்.

'அப்படியானால் தவறு செய்பவருக்குப் பொறுப்பே இல்லையா?' எனக் கேட்கலாம். பொறுப்பு இல்லாமல் போகாது. மது அருந்தி ஓட்டுபவர் தண்டிக்கப்பட்டே ஆக வேண்டும். 2022-இல் தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர் என்பதால், தலைக்கவசச் சட்டமும் தளரக் கூடாது. ஆனால், பொறுப்பு சாலையை வடிவமைத்தவருக்கும் உண்டு. தரக்குறைவான வடிவமைப்பால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால் ஒப்பந்ததாரருக்கும் ஆலோசகருக்கும் ரூ.1 லட்சம் வரை அபராதம் விதிக்க 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் இடமளிக்கிறது.

இதற்காகப் புதிய அமைப்பு எதையும் உருவாக்க வேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுக்கள் ஏற்கெனவே உள்ளன. ஒவ்வொரு சாலை மரணத்தையும் அக்குழு குறித்த காலத்துக்குள் ஆராய்ந்து, எந்தத் துறை எதை எப்போது சரிசெய்யும் என்பதைப் பொதுவெளியில் அறிவிக்கட்டும். பேறுகாலத்தில் ஒரு தாயின் மரணத்தை விதி என்று விட்டுவிட மறுத்த மாநிலம் இது. சாலையில் சாகும் அவளுடைய மகனின் மரணத்தையும் விதி என்று விட்டுவிடலாகாது.