ஒன்றுமில்லை என்று சொல்ல நாம் யார்?

"ரிப்போர்ட்லதான் எல்லாம் நார்மல்னு வந்துடுச்சே, இன்னும் என்ன?"

நாள்பட்ட நோயோடு வாழ்கிறவர்கள், அதிலும் பெண்கள், நம் வீடுகளில் ஓயாமல் கேட்கிற கேள்வி இது. கேட்பவர்கள் யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. கணவர் கேட்பார், மாமியார் கேட்பார், கூடப் பிறந்த அண்ணன் கேட்பான், சில சமயம் டாக்டரே கேட்பார். இவர்கள் எல்லோரிடமும் இருப்பது ஒரே நம்பிக்கைதான்: நோய் என்றால் அது தாளில் தெரிந்தாக வேண்டும். லேப் கொடுத்த தாளில் ஓர் எண் தடித்த எழுத்தில் இருந்து, பக்கத்தில் ‘எச்’ என்றோ ‘எல்’ என்றோ போட்டிருந்தால் நோய். அப்படி எதுவும் இல்லையென்றால் சோம்பல், மனப்பிரமை, வேலைக்குச் சொல்லும் சாக்கு.

அறிவியலின் பேரைச் சொல்லிக்கொண்டு உலவும் மூடநம்பிக்கை இது. சாமியாடியிடம் குறி கேட்பதைக் கேலி செய்கிற படித்த குடும்பங்களில்தான் இதன் ஆட்சி அதிகம்.

தைராய்டிலிருந்தே தொடங்குவோம். சென்னை உட்பட எட்டு நகரங்களில் நடந்து 2013இல் வெளியான ஆய்வு ஒன்று, நம் நாட்டில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத் தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்று சொன்னது. அயோடின் உப்பு தாராளமாகக் கிடைக்கும் ஊர்களில் இதற்கு முதல் காரணம் ஹாஷிமோட்டோ நோய். உடம்பின் எதிர்ப்பு சக்தியே கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பியைப் பகையென்று எண்ணி வருடக்கணக்கில் தாக்கிக்கொண்டிருக்கும். ஆட்டோ இம்யூன், அதாவது தன்னுடல் தாக்குநோய் என்று சொல்லப்படும் வகை. ஜப்பானின் ஃபுகுவோகாவில் ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற இளம் மருத்துவர், நான்கு பெண்களின் கழுத்திலிருந்து அறுத்தெடுத்த சுரப்பிகளை நுண்ணோக்கியில் பார்த்து, 1912இல் ஒரு ஜெர்மன் மருத்துவ இதழில் இதை எழுதினார். பிறகு சொந்த ஊருக்குத் திரும்பி, அங்கேயே வைத்தியம் பார்த்து, 1934இல் டைஃபாய்டு வந்து இறந்துபோனார். இந்த நோயாளிகளின் ரத்தத்தில் தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் இருப்பதை லண்டனில் ராய்ட், டோனியாக் ஆகியோரின் குழு கண்டறிந்தது 1956இல்தான். இடையில் 44 வருடங்கள். அத்தனை காலமும் இந்தத் தாக்குதலை ரத்தத்தில் காட்டும் சோதனை உலகில் கிடையாது. தாளில் தெரியவில்லை என்பதால் அந்தக் காலத்துப் பெண்களுக்கு நோயே இல்லை என்று ஆகிவிடுமா?

"எங்க காலத்துல ஏது தைராய்டு?" என்று கேட்கும் பெரியவர்களுக்கும் இதுதான் பதில். உங்கள் காலத்திலும் இருந்தது. ‘ஊளைச்சதை’, ‘மந்தம்’, ‘பிள்ளை பெத்ததுல உடம்பு ஊதிப்போச்சு’ என்று சொல்லிக்கொண்டு அன்றைய பெண்கள் அதோடேயே வாழ்ந்து போய்ச் சேர்ந்தார்கள்.

சரி, இன்றைக்குத்தான் சோதனை இருக்கிறதே? இருக்கிறது. அது எதைச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். எல்லோரும் எடுக்கிற டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரக்கும் பொருளே கிடையாது. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்புகிற உத்தரவு அது. தைராய்டு சுணங்கினால் உத்தரவு ஏறும். 0.4 முதல் 4 வரை நார்மல் என்று பெரும்பாலான லேப்கள் போடுகின்றன. இந்த வரம்பு வந்த வழி எளிது: ஆரோக்கியமானவர்கள் என்று கருதப்பட்ட பலருடைய அளவுகளை வரிசைப்படுத்தி, இரண்டு ஓரத்திலும் இரண்டரை சதவீதத்தை வெட்டிவிட்டு, நடுவில் மிஞ்சியதை எடுத்துக்கொண்டார்கள். ஊருக்கான வரம்பு அது. ஒரு தனி ஆளின் அளவு அதற்குள்ளே ஒரு குறுகலான எல்லைக்குள்தான் ஏறி இறங்கும். பல வருடமாக 1இல் இருந்தவருக்கு இன்று 3.8 வந்தால், லேப் தாளுக்கு அவர் நார்மல். அவர் உடம்புக்கு அது பெரிய மாற்றமாக இருக்கக்கூடும். போதாதற்கு இந்த அளவு இரவில் ஏறி மதியத்தில் இறங்கும். காலையில் எடுத்த ரத்தமும் மாலையில் எடுத்த ரத்தமும் ஒரே கதையைச் சொல்லாது. எதிர்ப்பொருள்கள் வேலையை ஆரம்பித்துப் பல வருடம் கழித்துத்தான் டி.எஸ்.எச். ஏறவும் செய்யலாம்.

மாத்திரை தொடங்கிய பிறகும் கதை முடிவதில்லை. லிவோதைராக்ஸின் அருமையான மருந்து. பெரும்பாலானவர்களை அது எழுப்பி உட்காரவைத்துவிடுகிறது. ஆனால் டி.எஸ்.எச். சரியான அளவுக்கு வந்த பின்னும் ஐந்து முதல் பத்து சதவீதம் பேருக்கு அசதியும் மூளை மந்தமும் தொடர்கின்றன என்பதை மருத்துவ உலகமே ஒப்புக்கொள்கிறது. மாத்திரை, குறைந்த ஹார்மோனை ஈடுகட்டும். நடக்கும் தாக்குதலை நிறுத்தாது. தன்னுடல் தாக்குநோய் எப்போதும் தனியாக வருவதும் இல்லை. பி12 உறிஞ்சப்படாமல் போவது, கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய், முதல் வகை சர்க்கரை நோய் இவையெல்லாம் ஹாஷிமோட்டோ உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் வரும். டி.எஸ்.எச். நார்மல் என்றால் அடுத்த இடத்தில் தேட வேண்டும். நாமோ அத்தோடு தேடுவதையே நிறுத்துகிறோம்.

இனி, தாளில் சிக்காத அசதிக்கு இன்னொரு காரணமான வைரஸ். 2006இல் சிக்குன்குனியா தமிழ்நாட்டை ஆட்டிவைத்ததைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது. மூட்டுவலி பலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நின்றது. காலையில் எழுந்து தரையில் கால் ஊன்ற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். செம்பைத் தூக்க விரல் மடங்கவில்லை. அப்போது யாராவது "இது மனசுதான்" என்று சொன்னார்களா? சொல்லவில்லை. தெருவே நொண்டியதால் சொல்லவில்லை. எந்த ரிப்போர்ட்டையும் யாரும் கேட்கவுமில்லை. அதே வலி, அதே அசதி, தெருவில் ஒரே ஒருத்திக்கு வந்தால் மட்டும் அவளிடம் ஆதாரம் கேட்கிறோம். ஆகவே நாம் நம்புவது அறிவியலை இல்லை, கூட்டத்தை.

வைரஸ் போன பின்னும் நோய் நிற்கும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் டப்போ ஊரில் நடந்த ஆய்வு நல்ல சாட்சி. எப்ஸ்டீன்-பார் வைரஸ், ராஸ் ரிவர் வைரஸ், க்யூ காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று வந்த 253 பேரை நோய் வந்த காலத்திலிருந்தே தொடர்ந்து கவனித்து 2006இல் எழுதினார்கள். ராஸ் ரிவர், சிக்குன்குனியாவின் பங்காளி வைரஸ். ஆறு மாதம் கழித்தும் 12 சதவீதம் பேர் எழ முடியாத அசதியிலும் வலியிலும் இருந்தார்கள். யார் இப்படி ஆவார்கள் என்பதை எது தீர்மானித்தது? அவர்களுடைய மனநிலையும் இல்லை, வயதும் இல்லை. முதலில் வந்த காய்ச்சல் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதுதான்.

எப்ஸ்டீன்-பார் வைரஸ் உலகில் வயது வந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் உடம்பில் இருக்கிறது. ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுக்க நம் ரத்த அணுக்களில் ஒளிந்திருக்கும். பெரும்பாலோருக்குத் தொந்தரவு தருவதில்லை. ஆனால் நரம்புகளின் மேலுறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்ற நோயின் ஆபத்து, இந்த வைரஸ் தொற்றிய பிறகு 32 மடங்கு கூடுகிறது என்று, ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்க ராணுவத்தினரின் பதிவுகளைக் கொண்டு 2022இல் நிறுவினார்கள். அந்த நோய் வந்த பெண்களிலும் எத்தனையோ பேர் ஒரு காலத்தில் ‘ஹிஸ்டீரியா’ என்று முத்திரை குத்தி அனுப்பப்பட்டவர்கள்தான்.

முத்திரை குத்துவதில் படித்தவர்கள் எவ்வளவு துணிந்துவிடுவார்கள் என்பதற்கு லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனை உதாரணம். 1955இல் அங்கே வேலை பார்த்த டாக்டர்களும் நர்சுகளுமாக இருநூறு பேருக்கு மேல் மர்மமான தொற்று போன்ற ஒன்றில் விழுந்தார்கள். மருத்துவமனையையே மூட வேண்டிவந்தது. பதினைந்து வருடம் கழித்து, 1970இல், இரண்டு மனநல மருத்துவர்கள் பழைய குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெண்கள் அதிகம் என்பது அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று. அதன் பின் இதே போன்ற நோயில் விழுந்த பல தலைமுறை நோயாளிகள் இந்தத் தீர்ப்பைச் சுமந்தார்கள். 2015இல்தான் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின், தொற்றுக்குப் பின் பலருக்கு வரும் இந்த நாள்பட்ட அசதி நோய் மனநோய் இல்லை, முழு உடலையும் பாதிக்கும் கடுமையான நோய் என்று அறிக்கை கொடுத்தது.

"உடம்பை வளைச்சு வேலை செஞ்சா எல்லாம் போயிடும்" என்ற அறிவுரையின் கதியும் இதுவே. இந்த அசதி நோயின் முக்கிய அடையாளம், சக்திக்கு மீறி உழைத்த பிறகு ஒரு நாள், இரண்டு நாள் கழித்து உடம்பு அடியோடு விழுவது. திங்கட்கிழமை கல்யாண வீட்டில் சிரித்துக்கொண்டு பந்தி பரிமாறியவள் புதன்கிழமை எழ மாட்டாள். பார்த்தவர்களோ, "கல்யாணத்துக்கு மட்டும் நல்லா இருந்தாளே" என்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாக உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகச் சொல்லும் சிகிச்சையை இந்த நோயாளிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021இல் சொல்லிவிட்டது. மாத்திரையில் நன்றாக இருக்கும் தைராய்டு நோயாளி தாராளமாக நடக்கலாம், நடப்பது நல்லதும்கூட. யாருக்கு நடை மருந்து, யாருக்கு நஞ்சு என்று தெரியாமல் எல்லோரையும் மைதானத்துக்கு விரட்டுவதுதான் தப்பு.

"அப்படியானால் சோர்வாக இருக்கிறது என்கிற எல்லோரும் நோயாளிகளா? மனச்சோர்வு என்று ஒன்று இல்லையா?" என்று கேட்கலாம். எல்லாச் சோர்வும் நோய் இல்லை. தூக்கக் குறைவு, ரத்தசோகை, சத்துக் குறைவு என்று சாதாரணக் காரணங்கள்தான் முதலில் பார்க்க வேண்டியவை. மனச்சோர்வு உண்மையான நோய். அதற்கும் மருந்து உண்டு, மருத்துவர் உண்டு. நாள்பட்ட நோயாளிக்கு அதுவும் கூடவே வரலாம். ஆனால் நம் வீடுகளில் "மனசுதான்" என்று சொல்பவர்கள் யாரையும் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போவதற்காகச் சொல்வதில்லை. பேச்சை முடிப்பதற்காகச் சொல்கிறார்கள்.

அப்படி முடிக்கப்பட்ட பேச்சு வேறு இடத்தில் தொடங்கும். ‘தைராய்டை வேரோடு அகற்றும்’ பொடி விற்பவனும், நாற்பது நாளில் மாத்திரையை நிறுத்தவைக்கிறேன் என்கிறவனும் நோயாளியிடம் முதலில் சொல்வது, "உங்க கஷ்டம் எனக்குப் புரியுதும்மா" என்பதுதான். வீடும் டாக்டரும் தர மறுத்ததை அவன் இலவசமாகத் தருகிறான். பொடிக்கு மட்டும் காசு. மாத்திரையை நிறுத்திய முதல் வாரத்தில் ஒன்றும் ஆகாது. தைராக்ஸின் பாதியாகக் கரையவே ஏழு நாள் பிடிக்கும். தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை மோட்டார் ஓடவில்லை என்பது யாருக்கும் தெரியாதல்லவா? அந்த ஒரு வாரத்தைப் பொடியின் வெற்றி என்று நம்பி, மாதக்கணக்கில் மருந்தை விட்டு, இதயமும் மூளையும் மந்தமாகி மயங்கி விழுந்த பிறகு தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். உயிருக்கே ஆபத்தான நிலை அது.

ஹாஷிமோட்டோ நோய் பெண்களை ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம் பிடிக்கிறது. சுமையும் அவர்கள் மேல்தான். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை. அதன்பின் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காபிகூடக் குடிக்கக் கூடாது, காபி மருந்தை உறிஞ்ச விடாது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ஐந்தரைக்கு எழுந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு, டிகாக்‌ஷன் இறக்கி, பால் காய்ச்சி, வீட்டில் எல்லோருக்கும் டம்ளர் டம்ளராகக் காபி ஆற்றிக் கொடுத்துவிட்டு, தன் காபிக்குக் கடிகாரம் பார்த்து நிற்கிறவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! அந்த மாத்திரைப் புட்டியைப் பெண் பார்க்க வருகிற நாளில் பீரோவுக்குள் மறைத்து வைக்கும் அம்மாக்களும் இருக்கிறார்கள். வெளியே தெரிந்தால் நோயாளி, சொல்லிக்கொண்டால் சோம்பேறி. பாவம், எந்தப் பக்கம் போவாள்?

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நோயாளியோடு டாக்டரிடம் நீங்களும் போங்கள்; வாசலில் நின்று போன் பார்க்காமல் உள்ளே போய் உட்காருங்கள். எப்போது அசதி, எதற்குப் பின் அசதி, எத்தனை மாதமாக என்பதை இருவரும் சேர்ந்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். டி.எஸ்.எச். மட்டும் போதுமா, எதிர்ப்பொருள் சோதனையும் ஹீமோகுளோபின், பி12 சோதனைகளும் பார்க்கலாமா என்று கேளுங்கள். மருத்துவர்களுக்கும் ஒன்று: "ஒன்றுமில்லை" என்பதற்குப் பதிலாக "இந்தச் சோதனையில் தெரியவில்லை, மேலே பார்ப்போம்" என்று சொல்வதற்கு ஐந்து விநாடிகூட அதிகம் ஆகாது. அந்த ஒரு வாக்கியம் கிடைக்காமல்தான் நோயாளிகள் பொடி விற்பவனிடம் போகிறார்கள்.

நோயோடு வாழ்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: மாத்திரையை யார் பேச்சைக் கேட்டும் நிறுத்தாதீர்கள். உங்களை நம்பாத டாக்டரை மாற்றுங்கள். உங்கள் அசதிக்கு எந்தத் தாளும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை.