சம்பளத்தில் ஒரு சிறு பிடித்தம்

பெருவெள்ளமோ புயலோ வந்து போன சில நாட்களில் நம் மாநிலத்தில் ஓர் அறிவிப்பு வருவது வழக்கம். ஊழியர்கள் தங்கள் ஒரு நாள் ஊதியத்தை முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கு வழங்குவார்கள் என்று சங்கங்கள் சொல்லும். 2015 சென்னை வெள்ளம், 2018 கஜா புயல், அதன் பிறகு கொரோனா என்று ஒவ்வொரு பேரிடரிலும் மாதச் சம்பளக்காரர்கள் கை நீட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த மனதைக் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் நம் ஊர்களில் நடக்கும் பெரும்பாலான துயரங்களுக்குப் பெயரும் இல்லை, வானிலை அறிவிப்பும் இல்லை. மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான சிறப்புப் பள்ளியில் வேலை செய்யும் இயன்முறை மருத்துவருக்கு மாதா மாதம் சம்பளம் தர வேண்டும். முதியோர் இல்லத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மின்கட்டணம் வரும். மாலை நேர வகுப்பில் கணக்கு சொல்லித் தரும் ஆசிரியர் ஜூனிலும் வேண்டும், பிப்ரவரியிலும் வேண்டும். இவற்றை நடத்துகிறவர்களுக்குச் செலவு மாதக் கணக்கில் வருகிறது, வரவோ செய்தியைப் பொறுத்து வருகிறது. மாதா மாதம் வருமானம் உள்ளவர்களால்தான் மாதா மாதம் வரும் செலவைத் தாங்க முடியும். அதனால்தான் சம்பளத்திலேயே ஒரு சிறு தொகையைப் பிடித்து, ஊழியர் தேர்ந்தெடுத்த தொண்டு நிறுவனத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டை நம் அலுவலகங்களும் ஆலைகளும் முன்வந்து செய்ய வேண்டும் என்கிறேன். அதை எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் அதன் நியாயமே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கணக்கு எளிது. மாதம் முப்பதாயிரம் ரூபாய் வாங்கும் ஒருவருக்கு ஒரு நாள் ஊதியம் ஆயிரம் ரூபாய். அவரே மாதம் நூறு ரூபாய் கொடுத்தால் ஆண்டுக்கு 1,200 ரூபாய் ஆகிவிடும். நூறு பேர் வேலை செய்யும் ஓர் இடத்தில் ஆளுக்கு 200 ரூபாய் என்றால் மாதம் 20,000, ஆண்டுக்கு 2,40,000. ஒரு சிறிய அமைப்பு இந்தத் தொகையை நம்பி ஓர் ஆசிரியரை ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்ளலாம். இதே 2,40,000 ரூபாய் டிசம்பரில் ஒரே காசோலையாக வந்தால் அரிசி மூட்டைகளும் போர்வைகளும் வாங்கலாமே தவிர, அடுத்த ஆண்டும் வருமா என்று தெரியாமல் யாரையும் வேலைக்கு அமர்த்த முடியாது. தொண்டு நிறுவனங்களில் நல்ல ஆட்கள் தங்காமல் போவதற்கு இந்த நிச்சயமின்மை ஒரு முக்கியக் காரணம். ஊழியர் பக்கமும் இது புதிய பழக்கமல்ல. ஒரு சராசரி அரசு ஊழியரின் சம்பளப் பட்டியலை எடுத்துப் பாருங்கள்: வருங்கால வைப்பு நிதி அல்லது ஓய்வூதியப் பங்களிப்பு, வருமான வரி, மருத்துவக் காப்பீடு, குடும்ப நல நிதி, எல்ஐசி, கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்துக் கடன் தவணை என்று பிடித்தங்களே பாதிப் பக்கத்தை நிறைத்துவிடும். கைக்கு வந்த பிறகு எடுத்து வைக்க முடியாத பணத்தைக் கைக்கு வருவதற்கு முன்பே எடுத்து வைத்துத்தான் இந்த நாட்டில் பல குடும்பங்கள் மனை வாங்கியிருக்கின்றன, பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கின்றன.

தமிழர்கள் ஏற்கெனவே இதில் பெரிய அளவில் பங்கெடுத்துவரும் ஓர் இடம் உண்டு. சிங்கப்பூரில் இந்திய வம்சாவளி மாணவர்களின் கல்வி பின்தங்கியிருப்பதைக் கண்டு 1991-ல் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம், அதாவது சிண்டா, தொடங்கப்பட்டது. அங்கே வேலை பார்க்கும் இந்திய சமூகத்தவரின் சம்பளத்திலிருந்து மாதா மாதம் ஒரு தொகை அதற்குப் போகிறது. மத்திய சேம நிதிக்குப் பணம் கட்டும் வழியிலேயே இதையும் முதலாளி கட்டிவிடுகிறார். 2015-ல் வகுத்த அட்டவணையைக் கவனித்துப் பார்க்க வேண்டும். ஆயிரம் வெள்ளிக்குள் சம்பளம் என்றால் மாதம் ஒரு வெள்ளி. 2,500-க்கு மேல் 4,500 வரை ஏழு வெள்ளி. பதினைந்தாயிரத்தைத் தாண்டினால் முப்பது வெள்ளி. யாருடைய வீட்டு வரவு செலவையும் குலைக்காத தொகைகள் இவை. அந்தப் பணத்தில் குறைந்த கட்டணத் துணைப்பாட வகுப்புகள் நடக்கின்றன, வசதியற்ற குடும்பங்களுக்கு உதவி போகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தடங்கலின்றி நடக்கக் காரணம் யாரோ ஒரு வள்ளல் அல்ல, துப்புரவுப் பணியாளர் முதல் வங்கி அதிகாரி வரை எல்லாரிடமிருந்தும் வரும் சின்னத் தொகை. சீன, மலாய், யுரேசிய சமூகங்களுக்கும் இதே போன்ற அமைப்புகள் அங்கு உள்ளன. ஒன்றை மறைக்கக் கூடாது: அங்கே பிடித்தம்தான் இயல்பு நிலை, வேண்டாம் என்பவர் விண்ணப்பம் கொடுத்து விலக வேண்டும். அந்த அம்சத்தை நாம் அப்படியே கொண்டுவரலாமா என்பது தனிக் கேள்வி.

பிரிட்டன் வேறு வழியில் போனது. 1987 முதல் அங்கே ஊழியர் விரும்பினால் வரி கணக்கிடுவதற்கு முன்பே நன்கொடையைச் சம்பளத்திலிருந்து பிடிக்கலாம். இருபது சதவீத வரி கட்டுபவர் ஒரு பவுண்டு கொடுத்தால் அவருக்கு உண்மையில் ஆகும் செலவு 80 பென்ஸ்தான். இத்தனை வசதி இருந்தும் அங்கே ஊழியர்களில் மிகச் சிறு பகுதியினரே இதில் சேர்ந்திருக்கிறார்கள். இதைக் காட்டி, மக்களுக்கு விருப்பமில்லை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிரிட்டன் அரசின் நடத்தை ஆய்வுக் குழு 2013-ல் வெளியிட்ட சோதனை முடிவுகள் வேறு கதையைச் சொல்கின்றன. டாய்ச்சு வங்கியின் லண்டன் ஊழியர்களிடம் ஒரு நாள் ஊதியத்தைக் கொடுக்கச் சொல்லிப் பொதுவான மின்னஞ்சல் அனுப்பியபோது ஐந்து சதவீதத்தினர் கொடுத்தார்கள். வாசலில் ஒரு சிறு மிட்டாய்ப் பொட்டலம் தந்து கேட்டபோது அது 11 சதவீதம் ஆனது. தலைமை அதிகாரி ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி எழுதியபோது 12. இரண்டையும் சேர்த்துச் செய்தபோது 17. அதே சம்பளம், அதே ஊழியர்கள், மாறியது கேட்ட விதம் மட்டுமே. கொடுக்க மனமில்லாதவர்களைவிட, ஒழுங்காகக் கேட்கப்படாதவர்களே அதிகம் என்றுதான் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது. அந்த அறிக்கையில் இன்னொரு சோதனை இன்னும் கூர்மையானது. சம்பள நன்கொடையில் புதிதாகச் சேர்பவர்களிடம், தொகை ஆண்டுதோறும் மூன்று சதவீதம் உயர வேண்டுமா என்று கேட்டுக் கட்டத்தில் குறியிடச் சொன்னபோது பத்து சதவீதத்தினர் குறியிட்டார்கள். உயரும் என்பதை இயல்பாக்கி, வேண்டாதவர் குறியிடலாம் என்று மாற்றியபோது 49 சதவீதத்தினர் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.

இந்த 49 என்ற எண்ணைப் பார்த்து மகிழ்வதற்கு முன் கொஞ்சம் அஞ்சவும் வேண்டும். ஒரு படிவத்தின் அமைப்பே இவ்வளவு பேரை ஒரு பக்கம் தள்ளுமென்றால், மேலதிகாரியின் முகம் எவ்வளவு தள்ளும்? 2018 பெருவெள்ளத்துக்குப் பிறகு கேரள அரசு தன் ஊழியர்களிடம் ஒரு மாதச் சம்பளத்தைக் கேட்டது. நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது, அந்த மாநிலம் அப்போது பட்ட பாடு நாம் அறிந்ததே. ஆனால் அரசாணையில், கொடுக்க விரும்பாதவர் தன் மறுப்பை எழுதித் தர வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. கேரள உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவுக்குத் தடை விதித்தது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. தன்னால் இயலாது என்று எழுதிக் கொடுத்து ஓர் ஊழியர் ஏன் அவமானப்பட வேண்டும் என்பதே அங்கு எழுந்த கேள்வி. 2020 ஏப்ரலில் மத்திய வருவாய்த் துறையும் இதே போன்ற ஒரு சுற்றறிக்கையை அனுப்பியது: 2021 மார்ச் வரை மாதம் ஒரு நாள் ஊதியம் பிஎம் கேர்ஸ் நிதிக்கு, ஆட்சேபம் உள்ளவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கடும் விமர்சனம் எழுந்ததில் வியப்பில்லை. வீட்டில் நோயாளி இருப்பவரும், கடனில் மூழ்கியவரும், வேறு எங்கோ ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருப்பவரும் தம் நிலைமையை மேசைக்கு மேசை விளக்க நேர்வது கொடுமை.

ஆகவே சிங்கப்பூர் முறையை நம் அலுவலகங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே பிடிப்பது முதலாளி என்றாலும், விலகும் விண்ணப்பம் சமூக அமைப்புக்குப் போகிறது. இங்கே விலகல் கடிதம், பதவி உயர்வுக்குப் பரிந்துரைக்கும் அதே அதிகாரியின் மேசை வழியாகத்தான் போகும். நம் நாட்டில் சேர்பவர் மட்டும் எழுதிக் கொடுப்பது, சேராதவர் எதையும் எழுத வேண்டாம் என்பதே அடிப்படையாக இருக்க வேண்டும். 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டமே பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்குப் பிடித்தம் செய்வதானால் தொழிலாளியின் எழுத்துபூர்வமான ஒப்புதல் வேண்டும் என்றது. அந்த விதியை எழுதியவர்களுக்கு ஆலை வாசல் எப்படி இருக்கும் என்பது தெரிந்திருக்கிறது. ஒரு முறை மனமாரச் சேர்ந்துவிட்டவரிடம், ஊதிய உயர்வு வரும்போது உங்கள் தொகையும் சிறிது உயரட்டுமா என்று சேரும் அன்றே கேட்டு வைத்துக்கொள்வதில் தவறில்லை. எந்த மாதமும் நிறுத்தலாம், காரணம் சொல்ல வேண்டாம் என்பதும் அதே படிவத்தில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

வரிச் சலுகையைக் காட்டி ஊழியர்களை ஈர்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 80ஜி என்று நாம் பழகிய நன்கொடைக் கழிவு பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே. 2023-24 நிதியாண்டு முதல் புதிய வரி முறையே இயல்பு நிலை ஆகிவிட்டது, அதில் இந்தக் கழிவு கிடையாது. 2025-26 முதல் அந்த முறையில் பன்னிரண்டு லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு வரியே இல்லை. சம்பளக்காரர்களில் பெரும்பாலோருக்கு நன்கொடையால் வரியில் ஒரு ரூபாய்கூடக் குறையாது என்று பொருள். புதிய முறையிலும் நன்கொடைக் கழிவை மத்திய அரசு சேர்க்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். வீட்டுக் கடனுக்கும் காப்பீட்டுக்கும் சலுகையை எடுத்துவிட்டதற்கு ஒரு பொருளாதார வாதம் உண்டு. தனக்கென்று எதையும் வாங்காத செலவை அவற்றோடு ஒரே பட்டியலில் வைத்தது எனக்கு ஏற்புடையதல்ல. அது நடக்கும் வரை, மாதம் நூறு ரூபாயின் மதிப்பு முழுக்க அதைப் பெறுபவரிடம்தான் இருக்கிறது என்று நேராகச் சொல்லிக் கேட்பதே நாணயம்.

வலுவான ஆட்சேபம் வேறு ஒன்று. பள்ளியும் மருத்துவமும் முதியோர் நலனும் அரசின் கடமை, வரி கட்டும் ஊழியரிடம் ஏன் மறுபடியும் கேட்கிறீர்கள் என்பது தொழிற்சங்கத் தோழர்கள் எழுப்பும் கேள்வி. அதோடு, 2013 கம்பெனிகள் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், அவர்களின் கடமையைத் தொழிலாளி தலையில் கட்டப் பார்க்கிறீர்களா என்றும் கேட்பார்கள். முதல் பாதியை முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன். அரசு செய்ய வேண்டியதைக் கேட்டுப் போராடுவதை எந்த நன்கொடையும் நிறுத்திவிடக் கூடாது. ஆனால் கடுமையான மூளை முடக்குவாதம் உள்ள ஒரு குழந்தைக்கு இன்று தினமும் பயிற்சி கொடுப்பது பெரும்பாலும் அந்த ஊரின் ஒரு சிறிய அமைப்புதான். கொள்கை திருந்தும் வரை அந்தக் குழந்தையின் தசைகள் காத்திருக்க மாட்டா. இரண்டாம் பாதிக்குப் பதில் எளிது: ஊழியர் கொடுத்த பணத்தை நிறுவனம் தன் இரண்டு சதவீதக் கணக்கில் காட்டக் கூடாது, தன் பெயரில் விழா எடுக்கக் கூடாது, பொம்மைக் காசோலை பிடித்துப் படம் எடுக்கக் கூடாது. ஊழியர் ஒரு ரூபாய் போட்டால் தானும் ஒரு ரூபாய் போடுவதாக நிறுவனம் சொல்லட்டும். அப்போது யார் யார் தலையில் கட்டுகிறார்கள் என்ற சந்தேகமே எழாது.

எந்த நிறுவனத்தை நம்புவது என்ற தயக்கத்துக்கு அலுவலகமே நல்ல விடை என்பது என் எண்ணம். தனி ஆள் ஒருவர் தெருவில் நீட்டப்படும் ரசீதுப் புத்தகத்தை வைத்து எதையும் சரிபார்க்க முடியாது. நூறு பேரின் சார்பில் நான்கு ஊழியர்கள் கேட்டால் தணிக்கை செய்த கணக்கைக் காட்டியே ஆக வேண்டும், ஒரு நாள் நேரில் போய் அந்த இல்லத்தின் சமையலறையையும் வருகைப் பதிவேட்டையும் பார்த்துவரலாம். பதிவு நடப்பில் உள்ளதா, நன்கொடைச் சான்று ஒவ்வொரு ஊழியரின் பெயரிலும் பான் எண்ணோடும் வருகிறதா என்பதைக் கணக்குப் பிரிவே கவனித்துக்கொள்ளும். அந்த நால்வரை நிர்வாகம் நியமிக்காமல் ஊழியர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று, நான்கு அமைப்புகளைப் பட்டியலில் வைத்து, அவற்றில் ஒன்றாவது ஆலைக்கோ அலுவலகத்துக்கோ பக்கத்து ஊரில் இருக்கும்படி பார்த்துக்கொண்டால், பணம் எங்கே போகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். கொடுப்பதை வெளியில் சொல்லக் கூசுபவர்களும் உண்டு. அவர்களுக்கும் இந்த முறையில் இடையூறில்லை, பெயர்ப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டாமல் இருந்தால் போதும்.

எல்லாரிடமும் கேட்கவும் கூடாது. ஒப்பந்தத் தொழிலாளர்கள், தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள், பயிற்சிக் காலத்தினர் ஆகியோருக்கு இந்தப் படிவமே போகக் கூடாது. நிரந்தர ஊழியர்களுக்கு அனுப்பும்போதும் ஆண்டு ஊதிய உயர்வு கைக்கு வரும் மாதம் பொருத்தமானது, ஏனென்றால் பழகாத பணத்திலிருந்து ஒரு பகுதி போனால் வீட்டில் யாருக்கும் குறை தெரியாது. பள்ளிக் கட்டணம் கட்டும் ஜூன் மாதத்தைத் தவிர்த்துவிடலாம். நிரப்பிய படிவம் ஒட்டிய உறையில் நேராகக் கணக்குப் பிரிவுக்குப் போகட்டும், பிரிவு அதிகாரியின் கையெழுத்து அதில் எங்கும் வேண்டாம்.