நடக்காத கோலுக்கு யார் சார் கணக்கு எழுதுவது?

ஐஸ் ஹாக்கியில் நல்ல டிஃபென்ஸ்மேன் யார் என்று கேட்டால் உடனே பாயிண்ட் பட்டியலை நீட்டுகிறார்கள். கோல் அடித்தால் ஒரு பாயிண்ட், அடிக்க உதவினால் ஒரு பாயிண்ட். சரி ஐயா, கோல் விழாமல் தடுத்தவனுக்கு? அந்தப் பட்டியலில் அவனுக்குக் கட்டமே கிடையாது.

என்எச்எல்லின் 1983-84 சீசனை எடுங்கள். எட்மன்டனின் பால் காஃபி 126 பாயிண்ட். வாஷிங்டனின் ராட் லாங்வே வெறும் 33. சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் கோப்பை யாருக்குப் போனது? லாங்வேக்கு! அதுவும் தொடர்ந்து இரண்டாவது முறை. இன்றைக்கு அப்படி ஓட்டுப் போட்டால் புள்ளிவிவரப் புலிகள் கிழித்துத் தொங்கவிட்டுவிடுவார்கள்.

கிழிப்பதற்கு முன் இதையும் பார்த்துவிடுங்கள். லாங்வே மான்ட்ரியலிலிருந்து வந்தது 1982 செப்டம்பரில். அதற்கு முந்தைய சீசனில் வாஷிங்டன் வாங்கிய கோல் 338. அவர் வந்த வருஷம் 283. அடுத்த வருஷம் 226. 1974-ல் ஆட ஆரம்பித்த அணி, 1983-ல்தான் முதன்முறையாக ப்ளே-ஆஃப் வாசலையே மிதித்தது. (தனி ஆளாகச் சாதிக்கவில்லைதான். அதே பேரத்தில் பிரையன் எங்ப்ளோம் வந்தார், ஸ்காட் ஸ்டீவன்ஸும் அந்த வருஷம் அறிமுகம். இருவருமே டிஃபென்ஸ்மேன்கள் என்பதைக் கவனிக்கவும்.)

இந்த மாதிரி ஆள் என்ன செய்வான்? எதிராளி வேகமெடுத்து வரும்போது பாய்ந்து விழமாட்டான். இடைவெளியை அளந்து, பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே அவனை ஓரத்துக்கு ஒதுக்குவான். மட்டையை நீட்டி பாஸ் போகும் வழியை அடைப்பான். வந்தவன் வேறு வழியில்லாமல் ஓரத்திலிருந்தே அடிப்பான், கோல்கீப்பர் சுலபமாகப் பிடிப்பார். கணக்கில் கோல்கீப்பருக்கு ஒரு சேவ். இவனுக்கு? எங்கள் வங்கியில், வாராது என்று மோப்பம் பிடித்துக் கொடுக்காமல் விட்ட கடன் எந்த பாலன்ஸ் ஷீட்டில் வருகிறது, அது மாதிரிதான்.

பக் நம்மிடமே இருந்தால் அதுவே தடுப்பாட்டம் என்பார்கள். நியாயம்தான். ஆனால் 60 நிமிஷமும் உங்களிடமே இருக்குமா? ஒருவன் பெனால்டி பாக்ஸில் உட்கார்ந்திருக்க, நாலு பேர் ஐந்து பேரைச் சமாளிக்கும்போது?

2022-23-ல் எரிக் கார்ல்சன் 101 பாயிண்ட், நாரிஸ் அவருக்கே. பிளஸ்-மைனஸ் கணக்கில் மைனஸ் 26. அவருடைய சான் ஹோஸே 82 ஆட்டத்தில் ஜெயித்தது 22. அணி மோசம், அவர் என்ன செய்வார் என்பீர்கள். அதே பெருந்தன்மையைப் பாயிண்ட் இல்லாதவனிடமும் காட்டலாமே?

தடுத்தாடும் ஃபார்வர்டுக்கு 1978-லேயே செல்கி கோப்பை கொடுக்க ஆரம்பித்த லீக் இது. தடுப்பதையே தொழிலாகச் செய்யும் ஜாக்கப் ஸ்லேவினுக்கு 2021-லும் 2024-லும் என்ன கொடுத்தார்கள் தெரியுமா? லேடி பிங் கோப்பை. அதாவது, நன்னடத்தைப் பரிசு!