தலைக்கவசமும் காதுமடலும்

மோட்டார் சைக்கிளில் முன்னும் பின்னுமாக அமர்ந்து செல்லும் கணவனும் மனைவியும் ஒரு சாண் இடைவெளியில் இருந்தும் ஊமைகளைப் போலவே பயணம் செய்கின்றனர். காற்றின் இரைச்சல் ஒருபுறம். தலைக்கவசத்தின் தடிப்பு மறுபுறம். பின்னால் இருப்பவர் "மெதுவாக" என்றால் அது முன்னால் இருப்பவரின் காதில் விழுவதில்லை. விழுந்தாலும் வேறொன்றாக விழும். அதனால் விளையும் குடும்பச் சச்சரவுகளை வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இக்குறையைத் தீர்க்கவென்றே இலண்டனில் இருக்கும் எம் மருமகன் சென்ற விடுமுறையில் வந்தபோது ஒரு சோடிக் கருவியைக் கொண்டுவந்து தந்தார். 'இன்டர்கொம்' என்பது அதன் பெயர். தீப்பெட்டியினும் சற்றுப் பெரிய பெட்டி ஒன்று தலைக்கவசத்தின் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அதிலிருந்து புறப்படும் மெல்லிய வயர்களின் முனையில், காதுக்கு ஒன்றாக இரண்டு வட்டமான ஸ்பீக்கர்களும் வாயருகே ஒரு மைக்கும் இருக்கும். புளுடூத் என்னும் வானொலித் தொடர்பினால் ஒரு தலைக்கவசம் மற்றதனோடு பேசும்.

கருவி வந்த மறுநாளே அவசரம் அவசரமாக அதனைப் பொருத்திக்கொண்டு, கல்லடியிலிருந்து பாசிக்குடாவுக்குப் புறப்பட்டோம். ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தூரம். ஏறாவூர் வரையில் உரையாடல் இன்பமாகவே நடந்தது. செங்கலடிச் சந்தியைக் கடந்தபோது இடக்காது நோகத் தொடங்கிற்று. கிரானை அடைவதற்குள் காதுமடலை யாரோ குறடு கொண்டு நெரிப்பது போலிருந்தது. பொறுக்கமாட்டாமல் தலைக்கவசத்தைக் கழற்றி இல்லாளின் கையிற் கொடுத்துவிட்டு, வெறுந்தலையோடு வண்டியை ஓட்டினோம். சட்டத்துக்கும் புத்திக்கும் ஒருங்கே மாறான செயல் அது என்பதை இங்கு ஒப்புக்கொள்கின்றோம்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எதிரே வந்த பேருந்தின் வெளிச்சத்தில் எம் கண் கூசியிருந்த வேளையில், தெருவோரம் படுத்திருந்த மாடுகளில் ஒன்று எழுந்து குறுக்கே நடந்தது. "இஞ்ச பாருங்க, மாடு!" என்று இல்லாள் கூவியதைக் காற்று அள்ளிச் சென்றது. அதனைக் கேட்பிக்க வேண்டிய கருவியோ அவர் மடியில் இருந்தது! பிரேக்கை அழுத்தினோம், வண்டி சறுக்கிற்று. முழங்கைகள் சிராய்த்ததோடு இருவரும் தப்பினோம். எழுந்து பார்த்தபோது, எம் தலை கிடந்த இடத்துக்கும் கிலோமீற்றர் கல்லுக்கும் இடையே இருந்தது ஒரு முழத் தூரம். அன்று கடலைப் பாராமலே வீடு திரும்பினோம்.

மறுநாள் எம்மைப் பார்க்க வந்த அயல்வீட்டு இளைஞர் ஒருவர் எளிய வழி ஒன்று கூறினார். "உள்ளே இருக்கும் ரெஜிபோமைப் பிளேட்டினால் வட்டமாக வெட்டி, ஸ்பீக்கரை ஆழமாகப் பதித்துவிட்டால் காது நோகாது" என்றார். காது நோகாது என்பது மெய்யே. ஆயினும் அந்த ரெஜிபோம் எதற்காக அங்கு இருக்கின்றது என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

'அரேபியாவின் லோரன்ஸ்' எனப் புகழ்பெற்ற ஆங்கிலேயர் 1935 ஆம் ஆண்டில் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர்களுள் ஒருவரான ஹியூ கேர்ன்ஸ் என்னும் மூளை அறுவை நிபுணர், அதன்பின் மோட்டார் சைக்கிளோட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, தலைக்கவசத்தின் இன்றியமையாமையை 1941 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் வலியுறுத்தினார். பிற்காலத்தில் 61 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அறிஞர்கள் 2008 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இது: விபத்துக்குள்ளாகும் மோட்டார் சைக்கிளோட்டி இறக்கும் அபாயத்தைத் தலைக்கவசம் ஏறத்தாழ 42 வீதத்தாலும், தலையில் காயமடையும் அபாயத்தை 69 வீதத்தாலும் குறைக்கின்றது.

இக்காவலைச் செய்வதில் பெரும்பங்கு வெளியே பளபளக்கும் ஓட்டினுடையதன்று. உள்ளே மறைந்திருக்கும் ரெஜிபோமினுடையது. அடி விழும்போது அது நசுங்கி, தலை திடீரென நிற்பதைச் சற்றே தாமதப்படுத்துகின்றது. இமைப்பொழுதினும் குறைந்த அத்தாமதமே மூளையைக் காக்கின்றது. ஒருமுறை நசுங்கியது மீண்டும் பழைய நிலைக்கு வராது. ஆதலின் அதனைக் குடைந்தெடுப்பது, காதின் சுகத்துக்காகத் தலையின் காவலை விற்பதாகும். அன்றியும், குடைந்த இடத்தில் வைப்பதோ உலோகமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த கடினப் பொருள். குடைந்த தலைக்கவசம் எவரிடமேனும் இருப்பின், அதனைப் பூந்தொட்டியாக்குவதே தகும்.

அப்படியாயின் வழி என்ன? பிளேட்டைத் தொடாமலே காது நோகாது பொருத்தலாம். நாம் ஒரு வாரம் முயன்று கண்ட முறையைக் கூறுகின்றோம்.

முதலாவது, காது இருக்கும் இடத்தை அறிதல். ஸ்பீக்கரின் நடு, காதுத் துவாரத்துக்கு நேரே அமைய வேண்டும். ஒரு விரற்கடை விலகினாலும் ஒலி மங்கும். உடனே நாம் சத்தத்தைக் கூட்டுவோம். எம் இல்லாள் இதற்குக் கண்ட உபாயம் மிக எளியது. திருநீற்றை நீரிற் குழைத்து, துவாரத்துக்கு முன்னே உள்ள சிறு மேட்டில் ஒரு பொட்டு இட்டார். தலைக்கவசத்தை அணிந்து கழற்றியபோது, உள்ளே இருந்த கறுப்புத் துணியில் வெள்ளைக் கோடொன்று கீழிருந்து மேலாக இழுபட்டிருந்தது. தலைக்கவசம் கீழே இறங்க இறங்கக் காது அதனுள்ளே மேலேறுகின்றது அல்லவா? ஆகவே அக்கோட்டின் மேல்நுனியே காதின் இடம். நாம் முதல்நாள் ஒட்டிய இடமோ அதற்கு இரண்டு விரற்கடை கீழே, காதுமடலின் ஓரத்தில்! நோகாமல் என்ன செய்யும்?

இரண்டாவது, ஆழம். காதுமடல் என்பது மெல்லிய தோலால் மூடப்பட்ட குருத்தெலும்பு. அதனைப் பாதுகாக்கத் தசையோ கொழுப்போ அங்கு இல்லை. சிறிய அழுத்தமும் நெடுநேரம் நீடித்தால் வலியாகிவிடும். இக்காலத் தலைக்கவசங்கள் பலவற்றில் காதுக்கென ஒரு பள்ளம் விடப்பட்டிருக்கும். கன்னத்து மெத்தையைக் கழற்றி, பள்ளத்தினுள் ஸ்பீக்கரை ஒட்டுக. பள்ளம் ஆழமாயின் ஸ்பீக்கரின் பின்னே மெல்லிய பஞ்சுத் துண்டு வைத்துக் காதருகே கொண்டுவருக. பள்ளம் போதாதாயின், மெத்தையின் பஞ்சில் சிறிதளவு குறைக்கலாம். அல்லது தடிப்புக் குறைந்த ஸ்பீக்கர் வாங்கலாம். அல்லது அந்தத் தலைக்கவசத்துக்கு இக்கருவி வேண்டாமென விட்டுவிடலாம். ஸ்பீக்கர் காதைத் தொட்டும் தொடாமலும் நிற்கவேண்டும், அழுத்தலாகாது.

மூன்றாவது, வயர். மிஞ்சிய வயரைச் சுருட்டி ஒரே இடத்தில் திணித்தால் அதுவே ஒரு கல்லாக உறுத்தும். மெத்தையின் பின்னே தட்டையாகப் பரப்பி விடுக. நாடிப் பட்டிக்கு அது குறுக்கே வராதிருத்தல் வேண்டும். முகம் மூடிய தலைக்கவசமாயின் பொத்தான் போன்ற மைக்கை நாடிப் பகுதியின் உட்புறத்தில் ஒட்டலாம். முகம் திறந்ததாயின் தண்டுள்ள மைக்கே ஏற்றது.

நான்காவது, பரீட்சை. தெருவுக்குப் போகுமுன் வீட்டிலேயே அரைமணி நேரம் அணிந்திருக்க வேண்டும். நாம் தலைக்கவசத்தோடு சாய்வுநாற்காலியிலிருந்து ஞாயிறு பத்திரிகையைப் படித்தபோது பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தனர். சிரிக்கட்டும்! கிரானில் அழுவதினும் அது மேல். மூக்குக்கண்ணாடி அணிபவர் அதனையும் அணிந்தே பரீட்சிக்க வேண்டும். கண்ணாடிக் காம்பும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று நெருக்குவது பலருக்கு நேரும் தொல்லை.

இளைஞர்களுக்கு இன்னும் ஒரு சொல். 85 டெசிபெல் அளவான சத்தத்தை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேற் கேட்டல் தீங்கு எனவும், அதற்குமேல் 3 டெசிபெல் கூடும்தோறும் அந்நேரம் பாதியாகக் குறையும் எனவும் அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. அக்கணக்கின்படி 100 டெசிபெலுக்கு 15 நிமிடங்களே எல்லை. வேகமாகச் செல்லும்போது காற்றின் இரைச்சல் ஒன்றே அவ்வெல்லையைத் தொடக்கூடும். அதன்மேல் பாட்டையும் உரக்க வைத்தால் காது என்னாகும்? பேருந்தின் ஹோர்னும் கேளாது போகும். இக்கருவி இன்றியமையாத இரண்டொரு சொல்லுக்கே, ஊர்க்கதைக்கன்று.

சென்ற ஞாயிறு மீண்டும் புறப்பட்டோம். செங்கலடி கடந்தது, கிரானும் கடந்தது, காது இருப்பதே நினைவில் இல்லை. வாழைச்சேனைக்கு அண்மையில், "இடப்பக்கம் மாடு" என்று மெல்லிய குரல் ஒன்று காதருகே கேட்டது. வேகத்தைக் குறைத்தோம், மாடு தன் வழியே போயிற்று. பாசிக்குடாவில் பேரப்பிள்ளைகளுக்காகச் சிப்பி பொறுக்கிக்கொண்டு, இடுப்பளவு நீரில் வெகுதூரம் நடந்துவிட்டு, இருட்டுமுன் திரும்பினோம்.

1924 ஆம் ஆண்டில் அமைந்த எங்கள் கல்லடிப் பாலத்தின் கீழே, நிலாக் காலத்தில் தோணியிற் செல்வோர் துடுப்பை வாவியில் இறக்கி, அதன் மறுநுனியில் காதை வைத்துப் பாடும் மீனின் ஓசையைக் கேட்பது வழக்கம். துடுப்பைக் காதில் எவரும் அழுத்துவதில்லை; பதமாகவே வைப்பர். எம் முன்னோர் துடுப்புக்குக் காட்டிய பதத்தை நாம் ஸ்பீக்கருக்கும் காட்டினாற் போதும். தலைக்கவசம் தலையிலேயே இருக்கும்.