தூங்கிப்போகும் கீபோர்டும் தொலைந்துபோகும் டோன்களும்



பிரசங்கம் நாற்பது நிமிடம். கடைசிப் பாட்டுக்குக் கை வைத்தால் கீபோர்டில் சத்தமே இல்லை. பல சபைகளில் நடக்கிற கதைதான். கீபோர்ட் கெட்டுப்போகவில்லை, தூங்கிவிட்டது! யமஹா பிஎஸ்ஆர்-இ வரிசை போன்ற பல கீபோர்டுகள், 30 நிமிடம் யாரும் தொடாவிட்டால் தானாகவே அணைந்துவிடும். அப்போது நாம் சேமிக்காத டோன், டெம்போ, டிரான்ஸ்போஸ் எல்லாம் போய்விடும்.

அந்த வரிசையின் பல மாடல்களில், இடது ஓரத்துக் கடைசிக் கீயை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் இந்தத் தானியங்கி ஏற்பாடு நின்றுவிடும். ஆனால் வலது ஓரத்துக் கடைசி வெள்ளைக் கீயை அழுத்திக்கொண்டு ஆன் செய்தால், நாம் சேமித்த அமைப்புகளே அழிந்துவிடும். ஆராதனை முடிந்ததும் குட்டிப் பிள்ளைகள் கீபோர்டைச் சுற்றி நிற்கும் சபைகளில் இது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கீபோர்டுக்கு நினைவாற்றல் வந்த கதையில் நம் ஊர்ப் பக்கத்துக்கும் பங்கு உண்டு. சான் ரமோனுக்குத் தெற்கே இருக்கும் சான் ஹோசே பகுதியில்தான் டேவ் ஸ்மித்தின் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனம் இருந்தது. 1978-ல் அவர்கள் கொண்டுவந்த ப்ராஃபெட்-5, 40 டோன் அமைப்புகளைத் தன்னுள் சேமித்து வைத்தது. அதற்கு முன் சிந்தசைசர் வாசித்த பலர், எந்தக் குமிழ் எங்கே நிற்க வேண்டும் என்று காகிதத்தில் குறித்து வைத்தார்கள். பவரை அணைத்த பிறகும் அந்த நினைவைக் காத்தது உள்ளே இருந்த ஒரு சின்ன பேட்டரி. 1983-ல் வந்த யமஹா டிஎக்ஸ்7-லும் அப்படித்தான். அந்த பேட்டரி செத்தால் 32 டோன்களும் போய்விடும். இப்போதைய கீபோர்டுகளில் பெரும்பாலும் ஃபிளாஷ் மெமரி இருப்பதால் அந்தக் கவலை குறைவு. ஆனால் சேமித்து எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் அடாப்டரைப் பிடுங்கினால் இதிலும் பதிவு கெடலாம். முதலில் பவர் பட்டனை அணையுங்கள், பிறகு வயரைக் கழற்றுங்கள்.

அடுத்தது அடாப்டர். மருந்து கொடுக்குமுன் லேபிளை மூன்று முறை பார்ப்பது நர்சுகளாகிய எங்கள் பழக்கம். அடாப்டரிலும் மூன்றைப் பாருங்கள். வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. பிளக்கின் நடுமுனை பிளஸ்ஸா மைனஸா என்று காட்டும் படம் ஒத்துப்போக வேண்டும். யமஹாவிலேயே பிஏ-150 என்பது 12 வோல்ட், பிஏ-300 என்பது 16 வோல்ட். பழைய கேசியோ 9 வோல்ட் அடாப்டரில் நடுமுனை மைனஸ், யமஹாவில் பிளஸ். துளையில் நுழைகிறது என்பதற்காக மாற்றிச் சொருகாதீர்கள்.

ஊர்ச் சபைக்குக் கீபோர்ட் கொண்டுபோகிற குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே 120 வோல்ட், இந்தியாவில் 230. அடாப்டரில் 100–240 என்று இருந்தால் பிளக் மாற்றி மட்டும் போதும். 120 என்று மட்டும் இருந்தால் அங்கே சொருகியதும் எரிந்துவிடும். அங்கேயே சரியான அடாப்டர் வாங்கிக் கொடுங்கள்.

2019 அக்டோபரில் காட்டுத்தீ பயத்தால் பிஜி அண்ட் இ நிறுவனம் வட கலிபோர்னியாவில் மின்சாரத்தை நிறுத்தியபோது, நம் கான்ட்ரா கோஸ்டா கவுண்டியிலும் பல இடங்கள் இருண்டன. அப்படிப்பட்ட நாளுக்கு, பேட்டரியில் ஓடும் கீபோர்டாக இருந்தால் ஒரே வகையில் முழு செட் புது பேட்டரி வைத்திருங்கள். பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள். மாதக்கணக்கில் வாசிக்காவிட்டால் கழற்றிவிடுங்கள், கசிந்து உள்ளே அரித்துவிடும். ஜெனரேட்டர் ஓட்டினால் கட்டடத்திலிருந்து 20 அடியாவது தள்ளி, வெளியில்தான். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை. மயக்கம் வரும்வரை பலருக்குத் தெரிவதில்லை.

எல்லாவற்றையும்விட எங்களுக்குப் பயம் தருவது சின்ன வட்ட பேட்டரி. கிட்டார் டியூனர், சின்ன ரிமோட், பழைய சிந்தசைசர் எனப் பலவற்றில் சிஆர்2032 போன்றவை இருக்கும். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே சதையை அரித்துப் புண்ணாக்கும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே எமர்ஜென்சிக்குப் போங்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட, விழுங்க முடிகிற பிள்ளைக்கு, கையில் தேன் இருந்தால் வழியிலேயே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் கொடுக்கலாம். தேனைத் தேடிக்கொண்டு நேரத்தை விடாதீர்கள். விஷ உதவி எண் 1-800-222-1222. கழற்றிய பேட்டரியின் இரு பக்கமும் டேப் ஒட்டிக் கைக்கு எட்டாமல் வையுங்கள். கலிபோர்னியாவில் அதைக் குப்பையில் போடக் கூடாது.

இந்த வாரம் பாடகர் குழு செய்ய ஒரு வேலை. உங்கள் கீபோர்டில் வசதி இருந்தால் அமைப்புகளை ஒரு யுஎஸ்பியில் நகலெடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பாட்டின் டோன் எண், டெம்போ, டிரான்ஸ்போஸ் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். ஷிஃப்ட் முடியும்போது எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதை நாங்கள் ஹேண்டோவர் என்போம். வாசிக்கும் அண்ணன் கல்லூரிக்குக் கிளம்பிவிட்டாலும், அடுத்து உட்காரும் தங்கை அந்த நோட்டைப் பார்த்துத் தைரியமாக வாசிக்கலாம்.