பெக்கோ வருவதற்கு முன்

கஹவத்தையில் மாணிக்கக் குழி இறக்குகிறவர்கள் இல்லம் எனப்படும் கல் கலந்த சரளையைக் கழுவாமல் கொட்டுவதில்லை. கூடையில் அள்ளித் தண்ணீரில் அலசி, அடியில் தங்கும் கடைசிக் கல்லையும் பார்த்த பிறகே கையை உதறுவார்கள். இப்படித் தோண்டிய குழிகளில் கல்லோடு எலும்பும் பல்லும் வந்ததால்தான், இரத்தினபுரிப் பக்கம் ஒருகாலத்தில் நீர்யானையும் காண்டாமிருகமும் வாழ்ந்தன என்று அறிந்தோம். குருவிட்டையில் கிடைத்த பற்களை வைத்து, அழிந்துபோன இலங்கைச் சிங்கத்தை 1939இல் விவரித்தவர் பி. ஈ. பி. தெரணியகல.

அதே மனிதர் 1963 ஜனவரியில் இரத்மலானைக் கரையில் ஒதுங்கிய பெண் அலகுத் திமிங்கிலம் ஒன்றையும் விடவில்லை. நீளம் சுமார் நாலரை மீற்றர். கூரிய அலகைக் குறிக்கும் சிங்களச் சொற்களால் அதற்கு மெசோபிளொடோன் ஹோட்டாவுலா என்று பெயரிட்டார். இரண்டே ஆண்டில் அது 1958இல் ஜப்பானில் விவரிக்கப்பட்ட கிங்கோப்பல் திமிங்கிலம்தான் என்று வேறு ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள், பெயர் மறைந்தது. எலும்பு மறையவில்லை. 2014இல் அதன் டீ.என்.ஏ.வை மாலைதீவு, சீஷெல்ஸ், பசிபிக் தீவுகள் ஆகிய இடங்களில் கிடைத்த மாதிரிகளோடு ஒப்பிட்டபோது, தெரணியகல சொன்னது தனி இனமே என்று உறுதியாயிற்று. அதற்காகக் கையில் இருந்தவை மொத்தம் ஏழு விலங்குகள்.

ஐம்பத்தொரு ஆண்டுகள் ஏன் பிடித்தன? அலகுத் திமிங்கிலங்கள் கண்ணில் படாத வாழ்க்கை வாழ்பவை. குவியேயின் அலகுத் திமிங்கிலம் 2,992 மீற்றர் வரை இறங்கியதும், 222 நிமிடம் மூச்சடக்கியதும் பதிவாகியுள்ளன. தசையில் செறிந்த மயோகுளோபினே அதன் ஒட்சிசன் கிடங்கு. கருவி பொருத்தி ஆராயப்பட்ட பிளேன்வில் அலகுத் திமிங்கிலங்கள் ஆழத்தில் மட்டுமே ஒலியெழுப்பி இரை தேடின; மேற்பரப்புக்கு அருகில் மௌனமாக இருந்தன. ஆகவே படகிலிருந்து பார்த்தாலும் கேட்டாலும் அவை எளிதில் அகப்படா. மெசோபிளொடோன் பேரினத்தில் இனத்தைக் காட்டிக்கொடுப்பது ஆணின் கீழ்த்தாடைப் பல். பெண்ணுக்கு அது பொதுவாக முரசை விட்டு வெளியே வருவதே இல்லை. இரத்மலானையில் ஒதுங்கியது பெண்.

நம் தீவில் ஆழம் தொலைவில் இல்லை. திருகோணமலையில் கடலடிப் பள்ளத்தாக்கு கொட்டியார் குடாவுக்குள்ளேயே தொடங்குகிறது. 1980களில் டியூலிப் என்ற பாய்க்கப்பலில் வந்தவர்கள் விந்துத் திமிங்கிலங்களை ஆராய்ந்தது அந்தக் கடலில்தான். கற்பிட்டிக்கு அப்பால் கண்டமேடை முடியும் விளிம்பிலும் அவை வருகின்றன. 2020 நவம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் பாணந்துறையில் கரையேறின. ஊராரும் கடற்படையினரும் இரவெல்லாம் நின்று பெரும்பாலானவற்றைக் கடலுக்குத் தள்ளினார்கள். இரத்தினபுரியிலிருந்து இறங்கும் வீதி முடிவது அதே பாணந்துறையில். மலைநாட்டில் வேலை செய்யும் நமக்கும் இது அடுத்த ஊர்ச் சங்கதிதான்.

உயிருள்ளதை மீட்பது முதல் வேலை. இறந்ததைப் படிப்பது இரண்டாவது வேலை. அதற்கும் பயன் சிறிதல்ல. 2002இல் கனேரித் தீவுகளில் சோனார் பயன்பட்ட கடற்படைப் பயிற்சியின்போது 14 அலகுத் திமிங்கிலங்கள் கரையொதுங்கின. உடற்கூற்றுப் பரிசோதனையில் இரத்த நாளங்களில் வாயுக் குமிழிகளும் கொழுப்புத் துணிக்கைகளும் தெரிந்தன. 2004இல் ஸ்பெயின் அக்கடலில் சோனார் பயன்பாட்டை நிறுத்தியது. யாரோ உடனே கத்தியை எடுத்ததால் கிடைத்த பலன் அது.

நம் கரையில் ஓர் உடல் ஒதுங்கினால் நாற்றம் ஊருக்குள் வருமுன் அதைப் புதைக்கப் பெக்கோ இயந்திரம் வந்துவிடும். அந்த இடைவெளி நம்முடையது. வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்து, அனுமதியோடு, கையுறை அணிந்து தொடங்குங்கள். அளவுகோலை வைத்து இரு பக்கமும் தலையும் படமெடுங்கள். பால், நீளம், இடம், நேரம் குறியுங்கள். நகத்தளவு தோலை எதனோலில் இடுங்கள். அது இல்லையென்றால் சமையல் உப்பு போதும். பல் தெரியவில்லை என்று கீழ்த்தாடையைக் கைவிடாதீர்கள். இரைப்பையில் கணவாய் அலகுகள் உண்டா என்று பாருங்கள். உட்காதின் மென் திசு விரைவில் கெடும்; ஒலிக் காயம் பற்றிய சந்தேகம் இருந்தால் காதை எடுப்பதே முதலில்.

எதற்கும் நேரமில்லையென்றால் புதைத்த இடத்தையாவது குறித்து வையுங்கள். மண் சதையைத் தின்று முடித்த பிறகு, மண்டையோட்டை எடுக்க யாராவது திரும்பி வர வேண்டியிருக்கும்.

— ஆசிரியர், கஹவத்தை